இல்லையென்று சொல்லாதவர்

ஸ்தனிஸ்லாஸ் வாத்தியாருக்கு நாற்பத்தாறாவது வயதில் மீண்டும் மாணவனாகும் யோகம் அடித்தது. நல்லம்பள்ளிப் பக்கம் அந்த வயதில் ஆட்களுக்கு வழக்கமாக அடிப்பது சர்க்கரை வியாதி. இரண்டில் எது தேவலை என்று அவர் மனைவி மதலேனம்மாளைக் கேட்டவர்களுக்கு, சர்க்கரைக்காவது ஆஸ்பத்திரியில் மாத்திரை தருகிறார்கள் என்று பதில் கிடைத்தது.

ஆரம்பித்ததே ஆஸ்பத்திரியில்தான். தர்மபுரியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அதன் பெரிய டாக்டருக்கு ஒரு மனக்குறை. வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு உடம்பில் ஒன்றுமே இல்லை. நெஞ்சில் பாரம், தலையில் கிறுகிறுப்பு, வயிற்றுக்குள் ஏதோ உருண்டை உருளுகிறது என்று வருகிறார்கள். சோதித்தால் உருண்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. இவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டே குணமாக்க ஒரு படிப்பு வந்திருக்கிறது, அதில் முதுகலை முடித்த ஆள் கிடைத்தால் ஒரு அறையும் ஒரு வேலையும் தரத் தயார் என்று ஞாயிறு பூசை முடிந்து வெளியே நின்றபோது அவர் சொன்னார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டி, பேச்சை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஸ்தனிஸ்லாஸ் மட்டும் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். இருபது வருஷத்துக்கு மேலாக நடுநிலைப் பள்ளியில் கத்திக் கத்தித் தொண்டை போன மனிதர் அவர். வாயை மூடிக்கொண்டு கேட்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்ற செய்தி, மோட்சத்தைப் பற்றி அதுவரை அவர் கேட்டிருந்த எந்தப் பிரசங்கத்தையும்விட நம்பும்படி இருந்தது.

எழுபத்தொன்றில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பெங்களூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். குடும்பத்தை மதலேனம்மாளின் தையல் மிஷின் பார்த்துக்கொண்டது.

முதல் நாள் வகுப்பில் அவர் நுழைந்ததும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பழக்க தோஷத்தில் அவரும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பேராசிரியர் ஜானகியம்மாள் வந்தபோது, தன் வகுப்பில் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, அறை மாறி வந்துவிட்டதாக நினைத்து வெளியே போய்விட்டார். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். ஸ்தனிஸ்லாஸைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அன்றிலிருந்து வாத்தியாருக்கு வகுப்பில் அங்கிள் என்று பெயர்.

பாடப் புத்தகங்களில் தகப்பனை வெறுக்கும் மகன்களைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதியிருந்தது. அதை ஒரு வியாதி என்று இவர் அதுவரை நினைத்ததில்லை. தர்மபுரியில் அதற்குப் பாகப்பிரிவினை என்று பெயர். தாலுகா ஆபீசில் தீர்த்துவிடுவார்கள். ஆனாலும் விடாமல் படித்து எழுத்துத் தேர்வுகளில் தேறினார். முட்டிக்கொண்டது செய்முறையில்தான்.

பேராசிரியரின் விதி மூன்றே வாக்கியம். வருகிறவருக்குப் புத்தி சொல்லக் கூடாது. ஆறுதல் சொல்லக் கூடாது. அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

நடுவாக்கியம்தான் ஸ்தனிஸ்லாஸைக் கொன்றது. எங்கள் பக்கத்தில் ஒருவன் தன் தப்பைச் சொன்னால், கேட்கிறவன் மூச்சு விடுவதற்குள் மறுத்தாக வேண்டும். அட வுடுங்க, அதெல்லாம் ஒண்ணுமில்ல, நேரம் அப்படி, என்று சொல்லிவிட வேண்டும். நிஜமாகவே ஒன்றுமில்லையா என்று யாரும் யோசிப்பதில்லை. தும்மினால் நூறு என்கிற மாதிரி அது ஒரு மரியாதை. வகுப்பில் ஒரு பெண் பயிற்சிக்காகத் தான் அம்மாவிடம் பொய் சொன்னதாக நடித்தாள். அவள் முடிப்பதற்குள் இவர், அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா என்று சொல்ல, வகுப்பே சிரித்தது. மறுபடி, மறுபடி. அந்த ஒரு வாக்கியத்தை நாக்கிலிருந்து பிடுங்கி எறிய அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அதன்பிறகு ஆள் பிடிக்கும் வேலை. ஒரே ஆள், மூடிய அறை, வாரம் ஒரு தடவை, மூன்று மாதம். நடந்ததை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் பட்டம். மூன்று தடவை முயன்று பார்க்கலாம், மூன்றும் தவறினால் பதிவு ரத்து. ஊரில் வைத்தே செய்யலாம் என்று சலுகை கொடுத்தார்கள். கடலை மண்டி குப்புராஜ் தன் பின்னறையை விட்டுக் கொடுத்தார்.

முதலில் வந்தவர் பக்கத்துத் தெரு சவரி. வந்தார், கதவைச் சாத்தினார், நாற்காலியைப் பார்க்கக்கூட இல்லை, நேராக முழங்கால் போட்டுவிட்டார். கடந்த பாஸ்குப் பண்டிகையிலிருந்து செய்த பாவங்களைப் பத்துக் கற்பனை வரிசைப்படி ஒப்பித்து முடித்துத் தலையைக் குனிந்தார். ஸ்தனிஸ்லாஸ் விதிப்படி சும்மா இருந்தார். சவரி கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அபராதமாகத் தனக்குத்தானே மூன்று பரலோக மந்திரம் விதித்துக்கொண்டு, சிலுவை போட்டு எழுந்து போனார். அடுத்த வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, அதுதான் சொல்லியாயிற்றே, இனி அடுத்த பாஸ்குவுக்குத்தான் என்றார். விஷயம் பங்குச் சாமியார் காதுக்குப் போய், குருப்பட்டம் பெறாமலே பாவசங்கீர்த்தனம் கேட்பவர்களைப் பற்றி ஒரு பிரசங்கம் நடந்தது. பெயர் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை, கோயிலே திரும்பிப் பார்த்தது.

இரண்டாவது ராணியம்மாள், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து. அடிக்கடி மயங்கி விழுகிற பெண். மூடிய அறைக்குள் ஒரு ஆம்பிளையோடு தனியாகப் பேச அவளை யார் விடுவார்கள்? மாமியார் கூடவே வந்து உட்கார்ந்தாள். ராணியம்மாளிடம் கேட்ட ஒவ்வொன்றுக்கும் மாமியாரே பதில் சொன்னாள். மூன்று வாரத்தில் மாமியாருக்கு முகம் தெளிந்து, மூட்டு வலிகூடக் குறைந்துவிட்டது. ராணியம்மாள் நாலாவது வாரம் அறையிலேயே மயங்கி விழுந்தாள். குணமான ஆளின் பெயரில் எழுதிக் கொடுத்துவிடலாமா என்று இவர் கேட்டதற்குப் பேராசிரியர் சிரிக்கவில்லை.

அப்படியாக இரண்டு வாய்ப்பும் போய் எழுபத்து நாலு பிறந்தது. பள்ளியில் அவர் இடத்துக்கு வேறு வாத்தியார் வந்தாயிற்று. டாக்டர் அந்த அறையை இன்னும் காலியாக வைத்திருந்தார், ஆனால் அதில் பழைய கட்டில்கள் சேர ஆரம்பித்திருந்தன. இந்தத் தடவை தவறினால் நாற்பத்தொன்பது வயதில் அவர் வாத்தியாரும் இல்லை, மாணவனும் இல்லை.

"மிஷினுக்கு எண்ணெ போடக் கத்துக்கங்க. அடுத்த வருசம் ஒதவும்" என்றாள் மதலேனம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

அந்தச் சமயத்தில் டாக்டர் அனுப்பி வந்தவர் நஞ்சப்பன். நல்லம்பள்ளிக்கு மேற்கே சொந்தக் காடும் கிணறும் உள்ள விவசாயி. நாற்பது வயது, பார்த்தால் ஐம்பத்தைந்து சொல்லலாம். ஒரு வருஷமாகத் தூக்கம் இல்லை. மாத்திரை கொடுத்துப் பார்த்தும் கண் மூடவில்லை. கண்ணுக்குக் கீழே கரி தடவின மாதிரி இருந்தது.

முதல் சிக்கல் உட்காருவதில். வாத்தியாருக்குச் சரிசமமாக நாற்காலியில் உட்கார நஞ்சப்பன் ஒப்பவில்லை, தரையில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாடம், ஆகவே ஸ்தனிஸ்லாஸும் தரையில் இறங்கினார். வாத்தியார் தரையில் உட்கார்ந்ததும் நஞ்சப்பன் பதறி எழுந்து நின்றுவிட்டார். இவரும் எழுந்தார். அவர் உட்கார்ந்தார். முதல் வாரம் பெரும்பாலும் இப்படியே போயிற்று. கடைசியில் ஆளுக்கொரு கடலை மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். மூட்டை நாற்காலியும் இல்லை, தரையும் இல்லை என்பதால் யாருடைய மரியாதையும் கெடவில்லை.

இரண்டாம் வாரமும் நஞ்சப்பன் வந்தார். மூன்றாம் வாரமும் வந்தார். தனியாக வந்தார், வாயைத் திறந்து பேசினார். ஸ்தனிஸ்லாஸுக்கு நம்ப முடியவில்லை. வாரா வாரம் அந்த நாள் காலையிலிருந்தே மண்டி வாசலில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட அவர் அப்படிக் காத்து நின்றதில்லை என்று மதலேனம்மாள் சொன்னாள்.

நஞ்சப்பன் சொன்ன கதை இதுதான். போன வருஷம் மழை இல்லை. கிணறு வற்றிவிட்டது. அவரும் தம்பி ஆண்டியும் கிணற்றுப் பாறையில் தோட்டா வைத்து ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் வைத்த இரண்டு தோட்டாவில் ஒன்று வெடித்தது, ஒன்று வெடிக்கவில்லை. திரி அணைந்திருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றான் ஆண்டி. வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட்டு வா என்றார் அண்ணன். ஆண்டி இறங்கினான். அதற்கப்புறம் மேலே கொண்டுவந்ததை நஞ்சப்பன் வேட்டியில்தான் கட்டினார்கள்.

இதை நஞ்சப்பன் மறைக்கவில்லை. அழுத கையோடு ஊருக்கே சொன்னார். ஊர் என்ன செய்யும், மரியாதை தெரிந்த ஊர். அட வுடு நஞ்சப்பா, விதி, உங்கையில என்ன இருக்குது என்றது. பங்காளிகள் சொன்னார்கள். ஆண்டியின் பெண்டாட்டி பெரியம்மாளே, தலையில் அடித்துக்கொண்டு அழுதவள், நடுவில் நிறுத்தி அதைச் சொல்லிவிட்டு மறுபடி அழுதாள். ஒரு வருஷமாக அவர் யாரிடம் சொன்னாலும் கதையை முடிக்கவிடாமல் அந்த வாக்கியத்தைப் போட்டு மூடினார்கள்.

மூடாமல் கேட்டவர் இந்த உலகத்தில் ஸ்தனிஸ்லாஸ் ஒருவர்தான். அதற்காகத்தான் நஞ்சப்பன் வாரா வாரம் வந்தார் என்று இப்போது தெரிகிறது. அப்போது வாத்தியார் தன் படிப்பின் மகிமை என்று நினைத்தார்.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது நஞ்சப்பன் மூட்டைமேல் உட்கார்ந்து தன் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அவன் வேணாம்னானுங்க. நான்தான் எறக்கி வுட்டேன். அப்ப நான் கொன்னுட்டேன்னுதானுங்களே அர்த்தம்?"

ஸ்தனிஸ்லாஸ் விதிப்படி திருப்பிச் சொன்னார். "அவர் வேணாம்னார். நீங்க எறக்கி வுட்டீங்க. நீங்கதான் கொன்னுட்டீங்கன்னு உங்க மனசு சொல்லுது."

நஞ்சப்பன் நிமிர்ந்து பார்த்தார். காத்திருந்தார். வெளியே மண்டியில் கடலை அளக்கிற சத்தம் கேட்டது. ஸ்தனிஸ்லாஸின் நாக்கு நுனிக்கு அந்தப் பழைய வாக்கியம் வந்து நின்றது. வருஷம் முழுக்கப் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு அதை விழுங்கினார். அப்படி விழுங்கியதில் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நஞ்சப்பனின் தோள் இறங்கியது. ஒரு பெரிய மூச்சு விட்டார். அப்படியே பக்கத்து மூட்டையில் சாய்ந்தார், சாய்ந்தவர் தூங்கிவிட்டார். வாய் திறந்து, குறட்டை விட்டு, ஒரு வருஷத் தூக்கத்தின் முதல் தவணையைத் தூங்கினார். குப்புராஜின் ஆட்கள் மூட்டை எடுக்க வந்தபோது ஸ்தனிஸ்லாஸ் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்று தடுத்தார். கோயிலில்கூட அவருக்கு இத்தனை வருஷத்தில் கண் கலங்கினதில்லை.

அடுத்த ரயிலுக்கே பெங்களூர் போனார். பேராசிரியர் ஜானகியம்மாள் முழுக்கக் கேட்டுவிட்டு எழுந்து வந்து கை கொடுத்தார். ஆறுதல் சொல்லிக் கெடுக்காமல் ஒரு மனிதனைத் தன் உண்மையைத் தானே பார்க்கவிட்ட உத்தமமான உதாரணம் என்று வகுப்பில் எடுத்துச் சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள். பிரமாதம் அங்கிள் என்றார்கள். இன்னும் ஒரு வாரம் இந்த ஆள் வந்துவிட்டால் மூன்று மாதம் முழுசு, முதல் வகுப்பு நிச்சயம் என்றார் பேராசிரியர். அதுவரை அறைக்கு வெளியே அவரைப் பார்க்கவோ அவர் வீட்டு விஷயத்தில் தலையிடவோ கூடாது. தலையிட்டால் எல்லாம் செல்லாது.

வீட்டுக்குத் திரும்பினால் நஞ்சப்பன் மனைவி சென்னம்மாள் வாசலில் நின்றிருந்தாள். மதலேனம்மாள் கொடுத்த மோர் டம்ளர் அப்படியே பக்கத்தில் இருந்தது.

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. நடந்ததைச் சொன்னாள். நஞ்சப்பன் மாரியம்மன் கோயிலடியில் தானாகவே ஊரைக் கூட்டினார். தம்பியைக் கொன்றது நான்தான் என்றார். ஊர் வழக்கம்போல, விதி என்று ஆரம்பித்தது. அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். பெங்களூர் வரைக்கும் போய்ப் படித்த வாத்தியார், கதவைச் சாத்தி வைத்து மூன்று மாதம் விசாரித்தார். நீதான் கொன்றாய் என்று அவர் வாயால் சொன்னார். இல்லைதானே என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றார். கூட்டம் அடங்கிவிட்டது. சேலம் கோர்ட்டில்கூட ஒரே கேசை வாரா வாரம் மூன்று மாதம் இத்தனை பொறுமையாகக் கேட்க மாட்டார்கள். அத்தனை நாள் கேட்டு ஒருவர் இல்லை என்று சொல்லவில்லையென்றால், அப்புறம் இல்லை என்று சொல்ல ஊருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கிணறும் கிணற்றடிக் காடும் ஆண்டியின் பிள்ளைகளுக்கு என்று ஆயிற்று. கேட்டவர் ஒருவரும் இல்லை, நஞ்சப்பனே கொடுத்தார். மிச்சம் இருப்பது மேட்டுக் கரடு. அதில் கல்லுதான் விளையும். இன்னும் சில நாளில் பத்திரம் பதிவு. பிறகு அவர்கள் குடகுக்குக் காப்பித் தோட்டக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

"நீங்க அப்படியா சொன்னீங்க?" என்றாள் சென்னம்மாள்.

நான் அப்படிச் சொல்லவில்லை, அவர் சொன்னதைத் திருப்பித்தான் சொன்னேன், அது ஒரு முறை, என்று விளக்க ஆரம்பித்தார் ஸ்தனிஸ்லாஸ். சொல்லச் சொல்ல அவருக்கே கேவலமாக இருந்தது.

"அவுரு தூங்கறாருங்க சார். விடிஞ்சு வெயிலு ஏறியும் எளுப்ப முடியல. அதுக்கு உங்களக் கும்புடோணும். இப்ப எனக்குத் தூக்கம் போயிடுச்சு. நானும் வந்து மூட்டைமேல ஒக்காரட்டுங்களா?"

அவளுக்குப் பின்னால் மதலேனம்மாள் புருஷனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதே எழுந்து போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்லும் பார்வை. ஸ்தனிஸ்லாஸின் கால் செருப்பைத் தேடியது. செருப்பு கிடைத்ததும், அந்த ஒரு வாரம் ஞாபகம் வந்தது. இப்போது அவர்கள் வீட்டுக்குப் போனால் மூன்றாவது வாய்ப்பும் போய்விடும். மூன்று வருஷம், பழைய கட்டில் அடைத்த அந்த அறை, தையல் மிஷின். நாலு நாளில் நஞ்சப்பனே வரப்போகிறார். அறைக்குள் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம். நாலு நாளில் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது. முறைப்படி பேசுகிறேன் என்றார். சென்னம்மாள் கும்பிட்டுவிட்டுப் போனாள். மதலேனம்மாள் மோரை எடுத்துப்போய் முருங்கைக்கு ஊற்றினாள்.

நாலு நாளில் பத்திரம் பதிவாகிவிட்டது.

கடைசி வாரம் நஞ்சப்பன் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஆளே மாறியிருந்தார். கன்னம் கொஞ்சம் உப்பி, கண்ணுக்குக் கீழே கரி வெளுத்து, சவரம் செய்துகொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார். ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்திருந்தார். பதிவுக்கு முன்னாடி பறித்தது, அதனால் இது எங்களுடையதுதான் என்று விளக்கமும் சொன்னார். அன்பளிப்பு வாங்கக் கூடாது என்பதும் விதி. கூடை இருவருக்கும் நடுவில் மணத்துக்கொண்டே இருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் மூட்டைமேல் உட்காரவில்லை. நின்றபடியே, மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தன் சொந்த வார்த்தையைச் சொன்னார்.

"நஞ்சப்பா, நான் அப்படித் தீர்ப்புச் சொல்லல. நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். நீங்க கொல்லல. தெரியாம நடந்தது. எல்லாரும் செய்யற மாதிரிதான் நீங்களும் செஞ்சீங்க."

நஞ்சப்பன் மரியாதையாக முழுசையும் கேட்டார். பிறகு வாத்தியாருக்காகப் பரிதாபப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"எங்கூட்டுக்காரி வந்து அழுதாளுங்களா?"

இல்லை, நிஜமாகவே சொல்கிறேன் என்றார் இவர்.

"மனசு எரங்கி மாத்திச் சொல்றீங்க. வேணாமுங்க சார். ஊருல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. அதக் கேட்டுத்தானுங்களே ஒரு வருசம் தூக்கமில்லாமக் கெடந்தேன்."

ஸ்தனிஸ்லாஸ் விடவில்லை. வாதாடினார். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னார், பேராசிரியரின் விதியைச் சொன்னார், சத்தியம் செய்வதற்குக் கழுத்திலிருந்த மாதா சுரூபத்தைக்கூட எடுத்தார். அவர் எவ்வளவு உருக்கமாகப் பேசினாரோ அவ்வளவும் ஊர்க்காரர்களின் குரலாகவே போய்ச் சேர்ந்தது. நடுவில் நஞ்சப்பனின் முகத்தில் ஒரு சின்ன சந்தேகம் வந்தது. ஒருவேளை நிஜமோ என்று. உடனே அந்தக் கண்ணுக்குக் கீழே பழைய இருட்டு எட்டிப் பார்த்தது. அதை ஸ்தனிஸ்லாஸ் பார்த்துவிட்டார். தான் ஜெயித்தால் இந்த மனிதனுக்குக் காடும் திரும்ப வராது, பத்திரம் பதிவாகிவிட்டது, தூக்கமும் போய்விடும். பேச்சை அப்படியே நிறுத்திவிட்டார்.

நிறுத்தியதும் நஞ்சப்பன் முகம் தெளிந்தது. நீங்கள் சும்மா இருக்கும்போதுதான் சரியாகச் சொல்கிறீர்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார். மாம்பழக் கூடையை விட்டுவிட்டுப் போனார். குடும்பம் அடுத்த வாரமே மைசூர்ப் பக்கம் பஸ் ஏறியதாகக் குப்புராஜ் சொன்னார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நஞ்சப்பன் தூங்கிவிட்டாராம். சென்னம்மாள் மூட்டைகளை எண்ணிக்கொண்டு முழித்தபடி இருந்தாளாம்.

ஸ்தனிஸ்லாஸ் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதினார். கடைசி வாரத்தையும் எழுதினார். பேராசிரியர் ஜானகியம்மாள் படித்துக்கொண்டே வந்து, அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டார். இது பட்டத்தையே கெடுத்துவிடும், இங்கே நீங்கள் சிகிச்சையாளராக இல்லை, சொந்த அபிப்பிராயம் சொல்லியிருக்கிறீர்கள் என்றார். அந்தக் காடு, கிணறு, குடகு என்று இவர் இழுத்தார். அதெல்லாம் நஞ்சப்பனுடைய சுதந்திரமான முடிவு, அதை மதிக்க வேண்டும் என்றார் அவர். ரொம்ப நல்ல மனுஷி. நிஜமாகவே அப்படி நம்பினார். கடைசி வாரத்தில் ஆள் வந்தார், நன்றி சொன்னார், போனார் என்று மட்டும் எழுதுங்கள், பொய்யும் ஆகாது என்றார்.

பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் உட்கார்ந்து ஸ்தனிஸ்லாஸ் அந்தத் தாள்களைத் திரும்ப எழுதினார். கையெழுத்து அழகாக வந்தது. எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிய கை.

முதல் வகுப்பில் தேறினார். மதலேனம்மாள் சேதியைக் கேட்டுவிட்டுத் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை முடித்தாள். பிறகு, நல்லது என்றாள். சாமியார் பிரசங்கத்தில் பெயரோடு வாழ்த்தினார். டாக்டர் சொன்ன சொல் தவறவில்லை. பழைய கட்டில்களை வெளியே போட்டு, அறைக்கு வெள்ளையடித்து, இரண்டு நாற்காலியும் போட்டுக் கொடுத்தார்.

வேலையில் சேர்ந்த அன்று காலையிலேயே அறை வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வேப்பமரம் வரைக்கும் வரிசை நின்றது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். இத்தனை பேருக்கு மனவியாதி என்று நான்கூட நினைக்கவில்லை என்றார். வரிசையில் ஒருவர் கையில் வரப்புத் தகராறு வரைபடம் இருந்தது. ஒருவர் கூடவே எதிராளியையும் அழைத்து வந்திருந்தார். நஞ்சப்பனுக்கு ஒரே நாளில் தூக்கம் வந்த சேதி மலைமேல் வரைக்கும் போயிருந்தது.

முதலில் உள்ளே வந்தவள் முனியம்மாள் என்ற வயதான பெண். வத்தல்மலையிலிருந்து நடந்து இறங்கி வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பேரக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது ராத்திரியில் இறங்க வேண்டாம், விடியட்டும் என்று மகளைத் தடுத்தது தான்தான் என்று சொன்னாள். விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகள்கூட ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்தனிஸ்லாஸ் முதுகலைப் பட்டதாரி. அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தார். பயந்துபோய் மூடிக்கொண்டார். மறுத்துச் சொல்லத் திறந்தார். மறுத்தால் இவள் எழுந்து போய்விடுவாள், மறுபடி யாரிடமும் வாயைத் திறக்க மாட்டாள் என்று தெரிந்தது. அதையும் மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க சாமி, நான் தாங்கிக்குவேன்" என்றாள் முனியம்மாள்.

அவர் சொல்லவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய தோள் மெல்ல இறங்கத் தொடங்கியது. ஸ்தனிஸ்லாஸ் பதறி எழுந்து, இரும்மா, நான் இன்னும் ஒண்ணுமே சொல்லல என்றார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வெளியே வரிசையில் நின்ற யாரோ, உள்ளே போன அம்மாவுக்குத் தீர்ப்பு ஆயிற்றா என்று நர்ஸிடம் கேட்டார்கள்.